நிறுத்தி வைப்பதும் ஒரு வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவிட் பெருந்தொற்று போக்குவரத்தையும் சுற்றுலாவையும் என்ன செய்தது என்று பேசும்போதெல்லாம் ஒரே கணக்குதான் முன்னால் வருகிறது: எத்தனை பயணிகள் குறைந்தார்கள், எவ்வளவு வருமானம் போயிற்று, அரசு எவ்வளவு நிவாரணம் தரவேண்டும். அந்தக் கணக்கு பொய்யல்ல. 2019இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 146 கோடி முறை மக்கள் எல்லை தாண்டிச் சுற்றுலா போனார்கள். 2020இல் அது சுமார் 40 கோடி. விமானப் பயணிகள் எண்ணிக்கை 450 கோடியிலிருந்து 180 கோடிக்கு இறங்கியது. ஆனால் இந்த எண்களில் சேராத நட்டம் ஒன்று உண்டு. நின்ற வண்டி நின்ற இடத்திலேயே கெடுகிறது. பூட்டிய விடுதி பூட்டுக்குள்ளேயே கெடுகிறது. ஓட்டாத கைக்குப் பழக்கம் விட்டுப்போகிறது. இதற்கென்று யாரும் பணம் ஒதுக்குவதில்லை. அதனால்தான் 'இனி ஓடலாம்' என்று உத்தரவு வந்த நாளில் பாதி ஓடாமல் கிடக்கிறது. எந்த நாட்டின் பெருந்தொற்றுத் திட்டத்திலும் மருத்துவமனைக் கட்டில், ஆக்சிஜன், தடுப்பூசி எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். வண்டியை எப்படி நிறுத்துவது, எப்படி எடுப்பது என்பதற்கும் அதில் ஓர் அத்தியாயம் வேண்டும். அதில் என்ன இருக்கவேண்டும் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

பேருந்திலிருந்து தொடங்கலாம். சாவியை எடுத்த பிறகும் வண்டியில் மின்சாரம் கசிந்துகொண்டேதான் இருக்கும். கடிகாரம், ஜிபிஎஸ் கருவி, என்ஜின் கணினி எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுத்தாலே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் பாதிக்கும் கீழே வந்துவிடும். வெயில் ஊரில் தானாகக் குறைவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவாக இருக்கிறது என்று பொருள். 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இத்தனைக்கும் செய்யவேண்டியது சின்ன வேலை. மைனஸ் முனையைக் கழற்றி வைக்கவேண்டும். பெரிய வண்டி என்றால் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை அணைக்கவேண்டும். மாதம் ஒருமுறை வோல்ட் பார்த்துச் சார்ஜ் போடவேண்டும். அவ்வளவுதான்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டால் வண்டி நன்றாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அதனால் கெடுதல்தான் அதிகம். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரத்தையே ஐந்து நிமிட ஐட்லிங் திருப்பித் தருமா என்பது சந்தேகம். என்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால், எரிந்த எரிபொருளிலிருந்து வந்த நீராவி சைலன்சரிலும் என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பிலும் தண்ணீராகத் தங்கிவிடும். எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். ஓட்டுவதானால் வெப்பமானி முள் வழக்கமான இடத்துக்கு வந்தபிறகு இருபது முப்பது நிமிடம் வளாகத்துக்குள்ளாவது ஓட்டவேண்டும். கூடவே கிளட்ச்சை மிதித்து, பிரேக் பிடித்து, ஏசியையும் போட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு வழியில்லையென்றால் தொடாமல் விடுவது மேல்.

ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் விட்ட வண்டியில் லைனர் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை கொடுத்து, பிரேக்கை விடுவித்து வைப்பதே முறை. காற்றுப் பிரேக் உள்ள பேருந்து, லாரிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. டேங்கில் காற்று இறங்க இறங்க ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதைப் போல்ட் போட்டு விடுவிக்கலாம். ஆனால் அப்படி விடுவித்த வண்டிக்குக் கட்டை கட்டாயம், ஸ்டியரிங்கில் எச்சரிக்கை அட்டையும் தொங்கவேண்டும். ஏர் டேங்கிலுள்ள தண்ணீரை வடிக்காமல் விட்டால் வால்வுகள் துருப்பிடித்து, பிரேக் ஒரு சக்கரத்தில் பிடித்து இன்னொன்றில் பிடிக்காமல் போகும். டயருக்கு அனுமதித்த அளவில் முழுக் காற்று அடித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தவேண்டும். இல்லையென்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். டீசல் டேங்கை நிரப்பி வைக்கவேண்டும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் வியர்க்கும் தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் பூஞ்சை வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். புகையின் நச்சைக் குறைக்கப் புதிய டீசல் வண்டிகளில் ஊற்றும் யூரியாக் கரைசலுக்கும் ஆயுள் உண்டு. 32.5 சதவீதச் செறிவுள்ள அந்தத் திரவம் 30 டிகிரிக்குள் இருந்தால் ஓராண்டு தாங்கும். 35 டிகிரியில் ஆறு மாதம்தான். தெளிக்கும் முனையில் அது காய்ந்து உப்பாய் உறைந்துவிட்டால் வண்டி வேகம் எடுக்காது. எலி கடித்த ஒயரைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நின்ற வண்டியைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

இத்தனைக்கும் ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம் போதும். 200 பேருந்து உள்ள பணிமனையில் ஒரு சுற்று முடிக்க 50 மணி நேர உழைப்பு. ஆறு ஏழு பேர் ஒரு நாள் செய்கிற வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இதைச் செய்யவிடாமல் தடுப்பது பணம் அல்ல. ஊரடங்கில் அத்தியாவசியப் பணியாளர் பட்டியலில் ஓட்டுநர் பெயர் இருக்கும், மெக்கானிக் பெயர் இருக்காது. வண்டி ஓடவில்லையே, மெக்கானிக் எதற்கு என்று கேட்பார்கள். வண்டி ஓடாதபோதுதான் அவர் வேண்டும்.

ரயிலில் கேடு கண்ணுக்குத் தெரியாதது. தண்டவாளத்தின் தலைப்பகுதி பளபளவென்று இருப்பது சக்கரம் தேய்த்துக்கொண்டே இருப்பதால்தான். சில நாள் ரயில் ஓடாவிட்டால் மேலே துருப்படலம் வரும். பல தடங்களில் ரயில் எங்கே நிற்கிறது என்று சிக்னலுக்குத் தெரிவிப்பது, ஒரு தண்டவாளத்திலிருந்து சக்கர அச்சு வழியாக மற்றதுக்குப் பாயும் மின்னோட்டம். துருப்படலம் நடுவில் நின்றால் மின்னோட்டம் பாயாது. ரயில் நிற்கும் தடம் காலியாக இருப்பதாகச் சிக்னல் நினைத்துக்கொள்ளும். லெவல் கிராசிங் கேட்டும் ஏமாறும். அதனால் பயணிகள் இல்லாவிட்டாலும் கிளைப்பாதை, பக்கத்தடம் எல்லாவற்றிலும் குறித்த இடைவெளியில் ஒரு வண்டியை ஓட்டித் துருவைத் தேய்க்கவேண்டும். சரக்கு ரயில் ஓடும் முதன்மைப் பாதைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. நடைமேடை ஓரத்துத் தடங்கள்தான் மறக்கப்படுபவை. பயணிகள் ரயில் திரும்ப வரும்போது முதலில் தேவைப்படுவதும் அவைதான்.

விமானத்துக்கு வருவோம். 2020 ஏப்ரலில் உலகில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் விமானங்கள் தரையில் நின்றன. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ஸ்பெயினின் டெருவேல் போன்ற வறண்ட இடங்களைத் தேடிக் கொண்டுபோய் நிறுத்தியதற்குக் காரணம், ஈரமில்லாத காற்றில் உலோகம் மெதுவாகத்தான் அரிக்கும் என்பது. இடம் கிடைக்காதவர்கள் ஓடுபாதையிலேயே நிறுத்தினார்கள். விமானத்தை நிறுத்துவது என்றால் கதவைச் சாத்துவது அல்ல. என்ஜின் வாய், வேகம் அளக்கும் பீட்டோ குழாய், காற்றழுத்தத் துளைகள் எல்லாவற்றுக்கும் உறை போடவேண்டும். சக்கரங்களை ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுழற்றவேண்டும். எரிபொருள் டேங்கின் அடியில் தங்கும் தண்ணீரை வடிக்கவேண்டும். என்ஜினை அவ்வப்போது ஓட்டவேண்டும், அல்லது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே வைத்து மூடவேண்டும்.

அந்த உறைகளை அலட்சியமாக நினைக்கக் கூடாது. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவர்ட்டோ பிளாட்டாவிலிருந்து புறப்பட்ட போயிங் 757 கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். சில வாரம் பறக்காமல் நின்ற அந்த விமானத்தின் பீட்டோ குழாய் ஒன்று அடைபட்டு, வேகம் தவறாகக் காட்டியதே தொடக்கம். குளவி கூடு கட்டியிருக்கும் என்பது விசாரணையாளர்கள் சொன்ன வலுவான சாத்தியம். குளவிக்கு மாதங்கள் தேவையில்லை. சில நாட்களே போதும். 2020இல் நின்ற விமானங்களை மறுபடி எடுத்தபோது வேகமும் உயரமும் தவறாகக் காட்டும் புகார்கள் கூடியதாக ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடவேண்டி வந்தது.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 737 விமானங்களுக்கு அவசர உத்தரவு ஒன்று போட்டது. தொடர்ந்து ஏழு நாளோ அதற்கு மேலோ நின்ற விமானங்களில் என்ஜினிலிருந்து காற்று எடுக்கும் பாதையிலுள்ள வால்வு ஒன்று அரிப்பால் திறந்தபடி சிக்கிக்கொள்ளலாம். இரண்டு என்ஜினிலும் அப்படி ஆனால் இரண்டும் நின்று, வானில் மீண்டும் ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம் என்பது காரணம். ஒற்றை என்ஜின் நின்ற நான்கு சம்பவங்கள் அதற்குள் பதிவாகியிருந்தன. ஏழு நாள் என்பதைக் கவனிக்கவேண்டும். நாம் மாதக்கணக்கில் நிறுத்தினோம்.

மருந்தே நோயாவதும் உண்டு. டேங்கில் பூஞ்சை வராமலிருக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலப்பார்கள். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்பது அளவு. ஏர்பஸ் ஏ321 விமானம் ஒன்றுக்குப் பராமரிப்பின்போது அந்த அளவைப்போல் 38 மடங்கு போட்டுவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் இரண்டு என்ஜினும் தடுமாறி, எப்படியோ தரையிறங்கியது. இது ஊரடங்குக்கு முன்பே நடந்தது. ஒரு விமானத்துக்குக் கணக்குப் போடும்போதே தசமப்புள்ளி நழுவினால், ஒரே மாதத்தில் நூறு விமானத்துக்குப் போடும்போது என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்: மருந்தை அளப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்ற விதியை ஆள் குறைவைக் காட்டித் தளர்த்தவே கூடாது.

இயந்திரத்தைப்போலவே மனிதரும். கடைசி 90 நாளில் மூன்று முறை விமானத்தை மேலெழுப்பித் தரையிறக்காத விமானி பயணிகளை ஏற்றிப் பறக்கக் கூடாது என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. விமானத்தைப்போலவே இயங்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் செய்தாலும் கணக்கில் சேரும். ஆனால் எல்லா விமானிகளுக்கும் ஒரே நேரத்தில் 90 நாள் கடந்துபோனால் சிமுலேட்டர் எங்கே போதும்? சிமுலேட்டர் வேறு நாட்டில் இருந்து எல்லையும் மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம். 2022 கோடையில் ஐரோப்பாவில் நடந்தது இன்னும் நல்ல பாடம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் நாளொன்றுக்குப் புறப்படும் பயணிகள் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று ஜூலையில் வரம்பு போட்டது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல் நிலையமும் வரம்பு வைத்தது. விமானம் இருந்தது, ஓடுபாதை இருந்தது, டிக்கெட் வாங்க ஆளும் இருந்தது. பெட்டி ஏற்றவும் பையைச் சோதிக்கவும்தான் ஆள் இல்லை. வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். புதிதாக எடுத்தவர்களின் பின்னணியைச் சரிபார்த்து நுழைவு அனுமதி தரப் பல வாரங்கள் பிடித்தன. சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துப் பெயரைப் பட்டியலில் வைத்திருந்தால், அனுமதி அட்டை காலாவதியாகாமல் பார்த்திருந்தால், இந்த நெரிசலில் பெரும்பகுதி வந்திருக்காது. நிவாரணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதைவிட உரிமம், பயிற்சி, அனுமதி ஆகியவை உயிரோடு இருப்பதற்குக் கொடுப்பது கூடுதல் பயன் தரும் என்று நாங்கள் நினைப்பது இதனால்தான்.

கப்பல் ஊழியர்கள் நிலை நேர்மாறு. அவர்களுக்கு வேலை போகவில்லை, வீடு போகத்தான் வழியில்லை. துறைமுகங்கள் கரையிறங்க விடாததால் 2020 இறுதியில் சுமார் நான்கு லட்சம் பேர் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலிலேயே இருந்தார்கள். தொடர்ந்து ஓராண்டுக்குள் ஊர் திரும்பவேண்டும் என்ற சர்வதேச விதி அந்த ஆண்டு காகிதத்தில்தான் இருந்தது. உல்லாசக் கப்பல்களைப் பற்றித் தனியாக எழுதினால் நீளும். யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்றியது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறோம்.

பயணிகள் விமானத்தை நிறுத்தினால் சரக்கும் சேர்ந்து நிற்கும் என்பதைப் பலர் எதிர்பார்க்கவில்லை. விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகளின் காலுக்கடியில், அவர்களின் பெட்டிகளோடு போவது. பயணி இல்லையென்றால் மருந்தும் உதிரிப் பாகமும் போக இடமில்லை. இருக்கைகளில் பெட்டிகளைக் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். ஆனால் சரக்கு அறையில் இருக்கும் தீயணைப்பு ஏற்பாடு பயணிகள் அறையில் கிடையாது. ஆகவே எந்தச் சரக்கை அங்கே ஏற்றலாம், கூட எத்தனை பணியாளர் தீயணைப்பானோடு போகவேண்டும் என்பதை முன்கூட்டியே விதியாக எழுதி வைத்திருந்தால் நல்லது.

தங்கும் விடுதிகளில் முதல் எதிரி தண்ணீர். 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிரி பெருகும். 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு விடுதியில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்களைக் கொன்றது இதுதான். மாநாட்டை நடத்திய அமெரிக்கன் லீஜன் அமைப்பிலிருந்தே இதன் பெயர் வந்தது. இதைக் குடித்தால் வருவதைவிட, ஷவரிலிருந்தும், ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் குளிரூட்டும் கோபுரத்திலிருந்தும் பறக்கும் நுண்துளியை மூச்சில் இழுத்தால்தான் ஆபத்து. ஆகவே மூடியிருக்கும் காலத்திலும் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு குழாயையும் வாரம் ஒருமுறை சில நிமிடம் திறந்துவிடவேண்டும். ஷவர் தலையைக் கழற்றியோ பையால் மூடியோ விட்டால் துளி பறக்காது. செய்பவர் முகக்கவசம் அணியவேண்டும். திறப்பதற்கு முன் வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரிக்குக் குறையாமல் ஏற்றி, கடைசி அறைக் குழாயிலும் ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரி வருகிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்க்கவேண்டும். மேல்தொட்டியைக் கழுவி, குளோரின் அளவு பார்த்து, ஷவர் தலைகளில் படிந்த உப்பை நீக்கவேண்டும். குளிரூட்டும் கோபுரத்தை வடித்துச் சுத்தம் செய்யாமல் ஓட்டவே கூடாது. நூறு அறை விடுதியில் இந்த வேலையை அவசரமாக ஒரு நாளில் முடித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இரண்டாவது, குளியலறைத் தரையிலுள்ள வடிகால் வாய். அதன் கீழே வளைகுழாயில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை உள்ளே விடாமல் அடைக்கிறது. யாரும் குளிக்காத அறையில் அது சில வாரங்களில் ஆவியாகிவிடும். 2003இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியதற்கு, இப்படி வறண்ட வளைகுழாய்கள் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. தொற்றுக்காக மூடிய அறையே தொற்றுக்கு வழி திறந்துவிடக் கூடாது அல்லவா? வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். நீண்ட காலம் யாரும் வரமுடியாது என்றால் தண்ணீருக்கு மேல் சிறிது சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும்.

மெத்தை, திரைச்சீலை, கம்பளத்தில் பூஞ்சை வராமலிருக்க அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். லிஃப்ட், தீ எச்சரிக்கை மணி, ஜெனரேட்டர் ஆகியவற்றின் சோதனைத் தேதிகள் விடுதி மூடியிருந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இனி வருமானம். பாதி இருக்கையோடு ஓட்டுங்கள் என்று உத்தரவு போடுவது எளிது. இரண்டிரண்டாக இருக்கை உள்ள பேருந்தில் சன்னலோரம் மட்டும் உட்காரவைத்தால் கொள்ளளவு பாதி. அதோடு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை என்றால் கால் பங்கு. ஒரு நடையின் செலவை ஈடுகட்ட 70 சதவீத இருக்கை நிரம்பவேண்டும் என்றால், பாதி இருக்கையை முழுதும் நிரப்பினாலும் ஒவ்வொரு நடையும் நட்டம். நடையைக் குறைத்தால் டீசல் மட்டும்தான் மிச்சமாகும். கடன் தவணை, காப்பீடு, சம்பளம் அப்படியே நிற்கும். நடை குறைந்தால் இருக்கிற வண்டியில் கூட்டம் சேரும், கூட்டத்துக்குப் பயந்து வசதி உள்ளவர் சொந்த வண்டிக்குப் போவார், வருமானம் இன்னும் குறையும். இந்தச் சுழலை உடைப்பதற்கு இருக்கைக்குத் தருகிற மானியம் உதவாது. ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தருவதே வழி. அப்போதுதான் வண்டி காலியாக இருந்தாலும் நேரத்துக்கு வரும்.

காற்றோட்டத்தில் போடவேண்டிய பணத்தை நாம் கிருமிநாசினி தெளிப்பதில் போட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தொற்றுள்ள பரப்பை ஒருமுறை தொட்டால் கோவிட் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. பறக்கும் விமானத்தில் காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது, ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிறது. அதே விமானம் தரையில் நின்று பயணிகள் ஏறும்போது காற்றோட்டம் அணைந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பேருந்திலும் அதே கதைதான்: ஏசியை உள்சுழற்சியில் ஓட்டாமல் வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, முன்னும் பின்னும் ஒரு சன்னலைத் திறந்தால் செலவில்லாமல் பெரிய வேறுபாடு வரும்.

நிறுத்தும் முறையிலும் ஒரு வரிசை உண்டு. இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்த ஊரடங்கு நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. பயணிகள் ரயில்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. வெளியூர்த் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் தொடங்கின. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ரயில்களில் 60 லட்சத்துக்கும் அதிகமானோர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்; அதற்குள் எத்தனையோ பேர் நடந்தே கிளம்பியிருந்தார்கள். கதவைச் சாத்துவதற்கு முன் ஊர் சேரவேண்டியவர் எத்தனை பேர், எந்தத் திசை, எத்தனை வண்டி என்ற பட்டியல் கையில் இருக்கவேண்டும். பரிசோதித்து, இடைவெளி விட்டு, மூன்று நான்கு நாளில் அனுப்பிவிட்டு நிறுத்தினால், பின்னால் நோயையும் சுமந்துபோகிற பயணத்தைத் தவிர்க்கலாம்.

சுற்றுலாவை நம்பும் நாட்டுக்கு இது டாலர் விவகாரமும்கூட. இலங்கைக்கு 2019இல் 19 லட்சம் பேர் வந்தார்கள்; 2020இல் ஐந்து லட்சம், 2021இல் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. 360 கோடி டாலராக இருந்த சுற்றுலா வருமானம் 2021இல் 50 கோடிக்குச் சற்று மேலே நின்றது. 2022இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் அந்த நாடு தவித்ததற்கு வரிக்குறைப்பு, வெளிநாட்டுக் கடன் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பயணி வராததால் டாலர் இல்லை, டாலர் இல்லாததால் டீசல் இல்லை, டீசல் இல்லாததால் உள்ளூர்ப் பேருந்தே இல்லை என்ற சங்கிலியை அங்கே கண்ணால் பார்க்கமுடிந்தது. மாலத்தீவு 2020 ஜூலை 15 அன்றே எல்லையைத் திறந்தது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற அமைப்பு அதற்கு இயற்கையாகவே தனிமைப்படுத்தும் இடமாக உதவியது. எல்லா நாட்டுக்கும் அது வாய்க்காது. தாய்லாந்து 2021 ஜூலையில் புக்கெட் தீவை மட்டும் தடுப்பூசி போட்டவர்களுக்குத் திறந்துபார்த்தது. ஆனாலும் 2019இல் கிட்டத்தட்ட நான்கு கோடி பேர் வந்த நாட்டுக்கு 2021இல் ஐந்து லட்சம் பேர்கூட வரவில்லை. எல்லை திறப்பதற்கு இரண்டு கதவு உண்டு. நம் கதவைத் திறந்தாலும், வருகிறவர் ஊர் திரும்பும்போது அங்கே 14 நாள் தனிமை என்றால் யாரும் கிளம்பமாட்டார்கள்.

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. பயணி முகவரிடம் தருகிற பணம் அன்றே விமான நிறுவனத்துக்கும் விடுதிக்கும் போய்விடுகிறது. அவர்களும் அதைச் செலவு செய்துவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் திருப்பிக் கேட்டால் யார் கையிலும் இருப்பதில்லை. அதனால்தான் 2020இல் பணத்துக்குப் பதில் வவுச்சர் நீட்டினார்கள். பயணம் நடக்கும் நாள்வரை முன்பணம் வேறெதற்கும் எடுக்கமுடியாத தனி அறக்கணக்கில் இருக்கவேண்டும் என்ற விதி தவிர இதற்கு வேறு மருந்தில்லை. பயணிகள் கவனிக்கவேண்டியது: பயணத்தை யார் ரத்து செய்தார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நிறுவனம் ரத்து செய்தால் பணம் கேட்கும் உரிமை வலுவானது; பயந்து நாமே முந்திக்கொண்டு ரத்து செய்தால் டிக்கெட்டின் சாதாரண விதிகள்தான் பொருந்தும். காப்பீட்டில் 'பெருந்தொற்று', 'ஏற்கெனவே அறிந்த நிகழ்வு' என்ற விலக்குகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று வாங்குமுன் பார்க்கவேண்டும்.

திட்டம் எழுதுகிறவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. ஒவ்வொரு பணிமனையும் விமான நிலையமும் விடுதியும், தன் வண்டிகளில் அல்லது அறைகளில் எத்தனை ஒரு நாளில் எடுக்கும் நிலையில் இருக்கவேண்டும், எத்தனை ஒரு மாதத்தில் எடுத்தால் போதும் என்று இரண்டாகப் பிரித்து எழுதித் தரவேண்டும். இரண்டுக்கும் பராமரிப்பு வேறு, செலவு வேறு. பராமரிப்பு ஊழியருக்கு முதல் நாளே அனுமதிச் சீட்டு தரவேண்டும். தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீடு ஆகியவற்றின் காலக்கெடுவை நீட்டினால் எல்லோருக்கும் ஒரே தேதிக்கு நீட்டாமல், பதிவெண்ணின் கடைசி இலக்கப்படி பத்து மாதத்துக்குப் பரப்பவேண்டும். இல்லாவிட்டால் கெடு முடியும் வாரத்தில் சோதனை மையத்து வரிசை தெருமுனை தாண்டும்.

இப்படிக்கு,
போக்குவரத்து, விடுதிப் பராமரிப்புத் துறைகளைச் சேர்ந்த வாசகர்கள்

பின்குறிப்பு: கிருமிநாசினி தேவைப்படும் இடத்தில் அளவு சரியாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் 5 சதவீத பிளீச்சை ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதம் வரும். அதாவது 20 மில்லியோடு 980 மில்லி. முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டு இதைப் பூசி, சில நிமிடம் ஈரமாக இருக்கவிட்டு, பிறகு வெறும் தண்ணீரால் துடைக்கவேண்டும். துடைக்காமல் விட்டால் கைப்பிடிக் கம்பியும் இருக்கையின் அலுமினியச் சட்டமும் அரிக்கும். டிக்கெட் கருவி, திரை, சுவிட்ச் பக்கம் இதைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே 70 சதவீத ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம், என்ஜின் அணைந்திருக்கும்போது மட்டும். பிளீச்சோடு ஆசிட்டையோ அமோனியா கலந்த கிளீனரையோ சேர்த்தால் நச்சுவாயு வரும். மனிதர்கள்மேல் தெளிப்பது எந்த அளவிலும் தவறு.